கண் டாக்டர் தொடுத்த டென்னிஸ் வழக்கு

ரெனி ரிச்சர்ட்ஸ், அமெரிக்காவைச் சேர்ந்த கண் டாக்டர். டென்னிஸ் ஆட்டத்தில் கெட்டிக்காரர். ஆணாகப் பிறந்த அவர், 1975-ம் ஆண்டில் ஆபரேஷன் செய்துகொண்டு பெண்ணாக வாழத் தொடங்கினார்.

பெண்கள் போட்டியில் ஆட விரும்பினார். 1976-ல் டென்னிஸ் சங்கம் குறுக்கே நின்றது. உடலின் அணுவைச் சோதித்து, பெண்தான் என்று காட்டவேண்டும் என்றது.

கோர்ட்டில் வெற்றி

ரெனி வழக்குத் தொடுத்தார். புகழ்பெற்ற வீராங்கனை பில்லி ஜீன் கிங் அவருக்காகச் சாட்சியம் அளித்தார். 1977 ஆகஸ்டில் நியூயார்க் நீதிபதி தீர்ப்புக் கூறினார். சோதனையைக் காட்டி ரெனியைத் தடுப்பது அநியாயம் என்றார்.

அந்த ஆண்டே அமெரிக்க ஓபன் போட்டியில் ரெனி ஆடினார். வயது 43! முதல் சுற்றில் விம்பிள்டன் சாம்பியன் வர்ஜீனியா வேடிடம் தோற்றார். இரட்டையர் ஆட்டத்திலோ இறுதிச் சுற்று வரை சென்றார். 1981 வரை ஆடினார். மார்ட்டினா நவரத்திலோவாவுக்குப் பயிற்சி அளித்தார். பிறகு கண் வைத்தியத்துக்கே திரும்பினார்.

தீராத கேள்வி

வழக்கு தீர்ந்தது, வாதம் தீரவில்லை. பெண்ணாக வாழ்பவரை விலக்குவது கொடுமை என்கிறார்கள் ஒரு சாரார். ஆணாக வளர்ந்த உடலுக்குப் பலம் அதிகம், மற்றப் பெண்களுக்கு நஷ்டம் என்கிறார்கள் மறு சாரார். ரெனியே 2012-ல் மனம் மாறிப் பேசினார். 22 வயதில் பெண்ணாக மாறி ஆட வந்திருந்தால், எந்தப் பெண்ணும் தன்னை நெருங்கியிருக்க முடியாது என்றார்.

2023-ல் உலகத் தடகளச் சங்கம், ஆணாகப் பருவம் அடைந்த திருநங்கைகளைப் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியது. 2025-ல் உலக சாம்பியன் போட்டிக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் மரபணு சோதனை வைத்தது.

அன்று டென்னிஸில் சோதனை கேட்டார்கள். இன்று தடகளத்தில் கேட்கிறார்கள்!