வீட்டுத் தோட்டம்: சும்மா கிடைக்கும் மரச்சீவல்... செடிக்குப் போடலாமா?

வெயில் ஏற ஏற இந்தக் கேள்வி வந்துவிடும். மரம் அறுக்கும் மில்லில் சவுக்குச் சீவலைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்களோ, மண் கெட்டுவிடும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

தாராளமாக அள்ளி வாருங்கள். ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் மரங்கள், அதிலும் ஊசியிலை மரங்கள், மண்ணில் அமிலத்தைக் கூட்டும் என்ற பயம் பல நாடுகளிலும் உண்டு. பச்சைப் பைன் ஊசியில் அமிலம் இருப்பது நிஜம்தான். ஆனால், மண்ணுக்கு மேலே கிடந்து மக்கும்போது அது பெரும்பாலும் அடங்கிவிடும். நியூயார்க் நகரில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மக்கள் பூங்காவுக்குக் கொண்டுவரும் மரங்களை அரைத்து, அந்தச் சீவலைச் செடிகளுக்கு மூடாக்காகப் போடுகிறார்கள். வீட்டுக்கும் ஒரு பை இலவசம்! நம் சவுக்கு பைன் இனமே அல்ல. ஊசி போலத் தெரிவதும் இலை இல்லை, மெல்லிய கிளை.

கெடுதல் வருவது வேறு வழியில். சீவலை உரம் என்று நினைத்து மண்ணோடு கொத்திக் கலந்துவிடுகிறார்கள். மரத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். அதை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகி நின்றுவிடும். மரத்தூளில் இது இன்னும் வேகம். மேலே பரப்பினால் வேர் வரை இந்தப் பிரச்னை போகாது.

முதலில் மண் நனைய நீர் விடுங்கள். பிறகு தரையில் 2 முதல் 3 அங்குலம், தொட்டியில் 1 அங்குலம் போதும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். ஒட்டிக் குவித்தால் ஈரத்தில் தண்டு அழுகும். கீரை விதைத்த பாத்தியில் வேண்டாம், முளை மேலே வராது.

தைலமரச் சீவல் என்றால் மட்டும் அவசரம் கூடாது. புதிதாகப் போட்டால் இளஞ்செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். நனைத்து, இரண்டு மூன்று மாதம் ஒரு மூலையில் கிடக்கட்டும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் தூள் கலந்திருந்தால் இலவசமானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மில்லில் கேட்டால் சொல்வார்கள்.

கறையான் பயம் நியாயமானதே. வீட்டுச் சுவர், நிலைக்கதவு ஓரம் பரப்பாதீர்கள். தென்னை வைத்திருப்பவர்கள் குவியலை மாதக்கணக்கில் அப்படியே விடக்கூடாது. காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். கிளறும்போது கையை விடாமல் குச்சியால் கிளறுங்கள். பூரான் இருக்கும்.

காசு கொடுத்துச் சீவல் வாங்க நான் சொல்லமாட்டேன். வாசலில் கூட்டும் மாஞ்சருகே அந்த வேலையைச் செய்யும்.

பரப்பிய இரண்டாம் நாள் சீவலை விலக்கி, மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.