உடைப்பதா, உழைக்க வைப்பதா?

தோழரே! உழைத்துத் தேய்ந்த காளை அடிமாடாய்ப் போவது கண்டு உள்ளம் பதைப்பவர் நீங்கள். உங்கள் அலுவலகத்திலே ஐந்தாண்டு உழைத்த சேமிப்பு சர்வர், உத்தரவாதக் காலம் முடிந்த ஒரே குற்றத்திற்காக உடைபடச் செல்லும்போது மட்டும் வாளாவிருப்பதேன்?

"இரகசியம் வெளியேறிவிடும்" என்பர் அதிகாரிகள். அச்சம் பொய்யன்று. அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி, 2016இல் மூடிய தரவு மையங்களின் கருவிகளை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரம் அழியாத வட்டுகள் இணைய ஏலத்திலே விலைபோயின! 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட இசைந்தது அந்நிறுவனம். குற்றவாளி வட்டா, அழிக்காமல் விற்ற அலட்சியமா? முதல் நாளே மறைமொழியில் பூட்டி எழுதியிருந்தால், திறவுகோலை அழித்த நொடியே அத்தனையும் வெறும் எழுத்துக் குப்பை அன்றோ!

அப்படித் துடைத்த பெட்டி ஊர் நூலகத்திற்குப் போகட்டும். ட்ரூநாஸ் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. இசட்.எஃப்.எஸ். முறையில் இரட்டைக் காப்பு வைத்தால், இரண்டு வட்டுகள் செத்தாலும் சுவடிப் படங்கள் சாகா. மின்சாரம் குடிக்குமே என்பீர்கள், உண்மைதான். வாரம் ஒருமுறை விழித்துப் படியெடுத்துவிட்டு உறங்கட்டுமே. (இரைச்சலும் மிகுதி; வாசிப்பறையிலே வைத்துவிடாதீர்கள்!)

2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் புதுப்பிப்போருக்கும் இடமளித்துள்ளன. அரசு அலுவலகங்கள் ஏலம் கூறுமுன், பள்ளியும் நூலகமும் கேட்டுப்பெற ஒரு திங்கள் அவகாசம் தந்தாலென்ன? அவ்வாறு ஆணையிட ஆள்வோருக்குத் தடை யாது? கேட்கிறோம்.