ரேஷன் கார்டுக்குள் மடித்த சீட்டு

"நாலு மாசமாச்சு தாயி. பாசிட்டிவ்னு சொன்னாங்க. நமக்கும் வந்துருச்சாம்ல."

சின்னம்மா அந்தச் சீட்டை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தது. என்ன வந்திருக்கிறது என்று கேட்டேன். கழுத்தைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டது. புற்று என்றே முடிவு செய்திருக்கிறது. நாலு மாதமாகச் சாவை மடியில் முடிந்துகொண்டு களையெடுக்கப் போய்வந்திருக்கிறது.

சீட்டில் ஒரே ஒரு ஆங்கில வரி. வி.ஐ.ஏ. பாசிட்டிவ். இதற்கு என்ன பொருள்? கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்க்கிறார்கள். வெள்ளையாக மாறும் இடம் தெரிந்தால் பாசிட்டிவ். அவ்வளவுதான். தொற்று, புண் எதனாலும் வெள்ளை தெரியலாம். அதனால்தான் கால்போஸ்கோப் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும், சந்தேகப்படும் இடத்தில் அரிசி அளவு சதை கிள்ளி பயாப்சிக்கு அனுப்புவதும். அதில் மாற்றம் இருந்தாலும் பெரும்பாலும் அது புற்று அல்ல, அதற்கு முந்தைய நிலை. லேசான மாற்றங்களில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே மறைந்துவிடும். கடுமையானவற்றை உறைய வைத்தோ சுட்டோ வெட்டியோ நீக்கிவிடலாம். புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் சின்னம்மாவுக்குத் தரப்படவில்லை. "இதுங்களுக்குச் சொன்னா புரியாது" என்று பக்கத்தில் யாரோ சொன்னது மட்டும் அதற்கு நினைவிருக்கிறது. மகளிர் குழுக் கடனுக்கு வட்டிக் கணக்கை, வங்கியில் உட்கார்ந்திருக்கிற என்னைவிட வேகமாக மனசிலேயே போடுகிற பெண் அது. யாருக்குப் புரியாது?

தவணை கட்டாதவரை எங்கள் வங்கியில் டிஃபால்ட்டர் என்போம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் அப்படி ஒரு கட்டம் உண்டு. தொடர் பரிசோதனைக்கு வராதவள். ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமில்லை. இரண்டு பஸ், ஒரு நாள் கூலி, "எந்த ஊரு? காலனியா?" என்ற கேள்வி, திரை சரியாக மூடாத அறை. இவை எந்தக் கட்டத்திலும் அடங்காது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. 31,343 பெண்களுக்கு இதே அமிலப் பரிசோதனை. 3,088 பேருக்குப் பாசிட்டிவ். புற்றுக்கு முந்தைய மாற்றம் 1,874 பேருக்கு. அதாவது பாசிட்டிவ் வந்த எல்லாருக்கும் மாற்றம் இல்லை. ஆனால் மாற்றம் இருந்தவர்களிலும் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்தான். மீதி 28 சதவீதம்? இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 30,958 பெண்கள் பரிசோதனை இல்லாமல் வழக்கமான கவனிப்பில் விடப்பட்டார்கள். அவர்களில் 92 பேர் இந்தப் புற்றில் செத்தார்கள். பரிசோதனை உயிர் காக்கும் என்பதை உலகத்துக்கு நிரூபித்தது இந்த மண். சாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க முடிந்தது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், நாடு முழுக்க 1.9. எங்கள் உடம்பிலிருந்து அறிவை எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தந்தது எவ்வளவு?

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு எனக்கும் பாப் ஸ்மியரில் மாற்றம் வந்தது. நான் தனியார் டாக்டரிடம் போனேன். அவர் படம் வரைந்து விளக்கினார். செலவில் ஒரு பகுதியை வங்கி திருப்பித் தந்தது. அப்படியிருந்தும் லீவு லெட்டரில் வயிற்று வலி என்று எழுதினேன். பெண்ணுடல் பற்றிக் கவிதை எழுதி உங்கள் கூட்டங்களில் கைதட்டல் வாங்கியவள் நான். "ஏன்டி இளைச்சுப் போயிட்ட" என்று சின்னம்மா கேட்டபோது வேலை ஜாஸ்தி என்றேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அது நாலு மாதம் இப்படி வெந்திருக்காது.

ஏன் திறக்கவில்லை? காரணம் எச்.பி.வி. வைரஸ் என்றும் அது உடலுறவில் தொற்றும் என்றும் சொன்னவுடனே "எவன்கிட்ட வாங்குனா?" என்று கேட்பார்கள். நம் பெண்களின் ஒழுக்கத்தைக் காலகாலமாகச் சந்தேகித்துவரும் ஊர்க்காரனின் கேள்வி அது. நம் ஆண்களும் அதை அப்படியே வாங்கி வைத்திருக்கிறார்கள். தோழர்களே, உடலுறவு கொள்கிற பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்துபோகிற வைரஸ் அது. கணவன் ஒருவனோடு மட்டும் வாழ்ந்தவளுக்கும் வரும். எந்த அறிகுறியும் இல்லாத ஆணிடமிருந்து வரும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும்.

வன்கொடுமை வழக்குக்கு ஸ்டேஷன் வாசலில் ராத்திரி முழுக்க உட்காருகிறோம். கால்போஸ்கோப்பிக்கு ஒருத்தியோடு போய் உட்கார்ந்த கிளை ஏதாவது உண்டா? முடிவைத் தமிழில் எழுதித் தா, கதவை மூடிவிட்டுப் பேசு, முடிந்தவர்களுக்கு அன்றைக்கே சிகிச்சையையும் முடித்து அனுப்பு என்று எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்? பார்த்த அன்றே சிகிச்சை தரும் முறையை உலக சுகாதார நிறுவனமே ஏற்றிருக்கிறது. பெண் தானே மாதிரி எடுத்துத் தரும் எச்.பி.வி. பரிசோதனையையும் 2021 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நாம் கேட்பது நிலாவை அல்ல.

சின்னம்மாவோடு நான் போனேன். சதை எடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு, இதுக்கா நாலு மாசம்" என்றது. மூன்று வாரத்தில் முடிவு வந்தது. லேசான மாற்றம், ஒரு வருடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டது. அவரிடமும் ஒரு சீட்டு இருக்கிறது, அரிசிப் பானையில். வருகிற மாதம் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்காது. மாணவத் தோழியர் யாராவது வர முடியுமா?