முப்பது நாள் பாசும் மூன்று முடிச்சும்

கலியாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பயிரை முப்பதே நாளில் நட்டு, வளர்த்து, அறுவடையும் செய்துவிடலாம் என்று நம்மில் சிலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் எத்தனை ஆபத்தானது என்பதைத்தான் இவ்வாரம் நாம் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

நம் தோட்டங்களில் நடப்பது என்ன? பால்மரம் வெட்டும் பையனுக்குத் தமிழ்நாட்டில் சொந்தத்திலே ஒரு பெண். தொலைபேசியிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. பெண்ணும் தாயாரும் விமானம் ஏறி வருகிறார்கள். பாஸ்போர்ட்டில் முப்பது நாள் பாஸ். வந்த பத்தாம் நாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி ஏறுகிறது. லயமே திரண்டு வந்து வாழ்த்துகிறது. பந்தி முடிகிறது, பந்தலும் பிரிகிறது.

முப்பத்தோராம் நாள் காலையில் அந்தப் பெண் யார்? மாமியாருக்கு அவள் மருமகள். கோயிலுக்கு அவள் சுமங்கலி. ஆனால் சட்டத்துக்கு? பாஸ் முடிந்தும் நாட்டை விட்டுப் போகாத அந்நியப் பிரஜை. அவ்வளவே!

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "எங்கள் பாட்டன் எந்த ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டார்? தாலி கட்டினார், குடும்பம் நடத்தினார், பேரன் பேத்தி கண்டார்" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பாட்டன் காலம் வேறு. ரஜூலா கப்பலில் ஊருக்குப் போய், பெண்ணைக் கட்டிக்கொண்டு, அடுத்த கப்பலில் கூட்டி வந்தவர்கள் உண்டு. 1953 ஆகஸ்டு 1ஆம் தேதி குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான் கதவு குறுகத் தொடங்கியது. கலியாண விஷயமும் அப்படியே. கோயிலிலோ வீட்டிலோ வழக்கப்படி தாலி கட்டினால் அதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அன்று முதல், பொதுவாக முஸ்லிம் அல்லாதார், பதிவு அதிகாரியின் முன்னோ, பதிவு அதிகாரம் பெற்ற ஆலயத்திலோ சட்டப்படி மணம் முடித்துப் பதிய வேண்டும். பாட்டன் தாலி கட்டியது அந்தத் தேதிக்கு முன். பேரன் கட்டுவது அதற்குப் பின். வித்தியாசம் இதுதான்.

தாள் விஷயத்தில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதை நம் சமூகம் ஒருமுறை அனுபவித்தே அறிந்திருக்கிறது. சுதந்திரம் கிடைத்த நாளில் பிரஜாவுரிமைக்கு மனுப்போட நேரமில்லாமலும், வழி தெரியாமலும், "இதெல்லாம் எதற்கு?" என்ற அலட்சியத்தாலும் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றவர்கள் ஏராளம். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் எடு என்றது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டிக் கப்பலேறின! இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் பார்த்தறியாத ஊருக்குப் போனார்கள். அந்தக் கண்ணீரை மறக்கலாமா?

சரி, முப்பது நாள் பாசில் வந்த பெண்ணைச் சட்டப்படி மணக்கவே முடியாதா? முடியும். ஆனால் கணக்குத் தெரிய வேண்டும்.

இந்தியப் பிரஜைகள் விசா இல்லாமல் முப்பது நாள் வந்து தங்கும் சலுகை 2023 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. 2026 இறுதிவரை என்று நீட்டப்பட்டது. இது அவ்வப்போது நீட்டப்படும் சலுகையே தவிர உரிமை அல்ல. ஆகவே டிக்கெட் எடுக்குமுன் விசாரித்துக் கொள்ளுங்கள். இனி நாட்களை எண்ணுவோம். மணமக்கள் தாம் இருக்கும் வட்டாரத்தில் ஏழு நாள் வசித்த பிறகே பதிவு இலாகாவில் அறிவிப்புக் கொடுக்கலாம். அறிவிப்பு ஒட்டப்பட்டு இருபத்தொரு நாள் கழிந்தபின்தான் மணம் முடிக்கச் சான்றிதழ் கிடைக்கும். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. முப்பதில் மிச்சம் இரண்டே நாள்! இடையில் ஒரு பொது விடுமுறை வந்தாலும், ஒரு தாள் குறைந்தாலும் அந்த இரண்டு நாளும் பறந்துவிடும்.

ஆகவே தாள்கள் பெண்ணோடு விமானத்தில் வர வேண்டும். பெண் வந்தபின் தேடக் கூடாது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். மணமாகாதவர் என்று அவருடைய நாட்டு அதிகாரிகள் அல்லது தூதரகம் கொடுக்கும் உறுதிக் கடிதம் வேண்டும். முன்பு மணமாகி விலகியவரானால் நீதிமன்றத் தீர்ப்பு, துணையை இழந்தவரானால் மரணப் பத்திரம், 21 வயது நிரம்பாதவரானால் தகப்பனாரின் எழுத்து மூலமான சம்மதம், இவையெல்லாம் வேண்டும். பாரங்கள் இரண்டு பேருடையதும் தயாராக இருக்க வேண்டும்.

நாட்கள் போதவில்லையா? பாசை மீறித் தங்காதீர்கள். கொடுத்த அறிவிப்பு ஆறு மாதம் செல்லும். பெண் ஊருக்குத் திரும்பி, மறுபடி முறைப்படி வந்து மணம் முடிக்கலாம். ஒரு டிக்கெட் செலவு வலிக்கத்தான் செய்யும். ஆனால் பாஸ் முடிந்து தங்கியவர் நீதிமன்றம் போனால் சட்டம் சொல்லும் அபராதம் 10,000 வெள்ளிக்குக் குறையாதது, அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆறு மாதச் சம்பளத்தை அப்படியே அள்ளி வைத்தால்தான் அந்த அபராதத்துக்கு ஈடாகும். அதன்பின் மீண்டும் இந்நாட்டில் கால் வைக்கத் தடையும் விழலாம். தெரிந்தே அவருக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டாரும் குற்றவாளி ஆகலாம்.

இன்னொரு வழியும் உண்டு. நம் அபிப்பிராயத்தில் பலருக்கு அதுவே நல்ல வழி. பையன் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே மணம் முடிப்பது. அங்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். அந்தச் சான்றிதழோடு ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரக அதிகாரியிடமோ, அதற்குள் திரும்பிவிட்டால் இங்குள்ள பதிவு இலாகாவிலோ மணத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். "ஊரிலே பதிந்துவிட்டோம், போதும்" என்று இருந்துவிடக் கூடாது.

எந்த வழியில் மணந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். மணச் சான்றிதழ் வேறு, தங்கும் பாஸ் வேறு. பதிவு ஆனதும் முப்பது நாள் பாஸ் தானாக நீண்டுவிடாது. பாஸ் உயிரோடு இருக்கும்போதே கணவனும் மனைவியும் சேர்ந்து குடிநுழைவு இலாகாவுக்குப் போய், நீண்டகாலச் சமூக வருகை பாசுக்கு மனுச் செய்ய வேண்டும். அந்தப் பாசில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்தபின்தான் நிரந்தரவாசத்துக்கு மனுப்போடலாம். பிரஜாவுரிமை அதற்கும் அப்பால்.

இத்தனையும் பெண்ணுக்காக என்று நினைக்கிறீர்கள். இல்லை தோழர்களே, பிறக்கப் போகும் பிள்ளைக்காக!

தகப்பன் மலேசியப் பிரஜை, தாய் வெளிநாட்டவர், மணம் பதியப்படவில்லை. இந்த நிலையில் பிள்ளை இந்நாட்டு ஆஸ்பத்திரியிலேயே பிறந்தாலும் சட்டம் அதைத் தாயின் பிள்ளையாக மட்டுமே பார்க்கிறது. தகப்பனின் நீல ஐ.சி. அதற்கு உதவாது. பிறப்புப் பத்திரத்தில் பிரஜை அல்லாதவர் என்ற சொல் ஏறிவிடும். பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் சரியாகிவிடுமா? 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தகப்பன் மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர், பிள்ளை அந்நாட்டில் பிறந்தது, பெற்றோர் மணந்தது பிறப்புக்குப் பிறகு. நால்வருக்கு மூவர் என்று நீதிபதிகள் பிரிந்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பு, அந்தப் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை இல்லை என்பதே. பிந்திய பதிவு முந்திய பிறப்பைக் காப்பாற்றவில்லை. பிறகு மிஞ்சுவது உள்துறை அமைச்சுக்கு மனுப்போட்டுக் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பில் பிள்ளையின் பள்ளிப் பருவமே கழிந்துபோகலாம்.

சாட்சிக் கையெழுத்துக்குச் சோம்பிய தகப்பன், பன்னிரண்டு வயதில் தன் மகன் "எனக்கு ஏன் அப்பா ஐ.சி. இல்லை?" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வான்?

நம் ஆட்களைக் கண்டித்துவிட்டு அரசாங்கத்தை விட்டுவிட நாம் தயாரில்லை. மலேசியனை மணந்த வெளிநாட்டுப் பெண் பிரஜாவுரிமை கேட்க அரசியலமைப்பின் 15ஆம் விதியில் தனி வழி உண்டு. மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அந்த வழி இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்குள் பத்தாண்டு வசித்து, அந்நியரில் ஒருவராக மனுச் செய்ய வேண்டும். தோட்டத்துப் பையன் கட்டினால் ஒரு நீதி, தோட்டத்துப் பெண் கட்டினால் வேறு நீதியா? 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு நீதி வழங்க முன்வந்தது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் கணவன் விஷயத்தில் பழைய வேற்றுமை அப்படியே நிற்கிறது.

பாசைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் கணவன் கூட வர வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நல்லவனிடம் அது தொந்தரவு. பொல்லாதவனிடம் அது விலங்கு. அடித்தாலும் உதைத்தாலும் அந்தப் பெண் வாய் திறப்பாளா? வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்கவும் தனி அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை. ஒரு தொழிலாளி வீட்டில் ஒரே சம்பளத்தில் அடுப்பு எரியுமா?

தற்காலிக வேலை பெர்மிட்டில் தோட்டத்துக்கு வந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பெர்மிட்டின் நிபந்தனைப்படி அவர்கள் இங்கே மணம் செய்யக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் இதை அறிந்துகொள்ளட்டும். கோயிலில் மாலை மாற்றினால் அந்த நிபந்தனை மறையாது, பெர்மிட்டே பறிபோகும். உழைக்கும் மனிதனின் கலியாணத்தைத் தடுக்கும் நிபந்தனை நியாயமா என்று நாம் கேட்கிறோம். ஆனால் நியாயம் கிடைக்கும்வரை சட்டத்தைத் தெரிந்து நடப்பதே புத்தி.

ஆகவே நாம் வேண்டுவது இவை. கோயில் கமிட்டியினரே, பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாராமல் முகூர்த்தத் தேதி கொடுக்காதீர்கள். கிராணிமார்களே, முன்பெல்லாம் தொழிலாளிக்கு ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தவர்கள் உங்கள் வழிவந்தவர்கள். இன்று அந்த மனுப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பது உங்கள் தொண்டாகட்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்களே, வெளிநாட்டுச் சம்பந்தம் பேசப்படும் வீட்டுக்கு நிச்சயதார்த்தத்துக்கு முன்பே போய் விஷயத்தைச் சொல்லுங்கள். நிர்வாகத்தினரே, பதிவு இலாகாவுக்குப் போகும் நாளைச் சம்பள வெட்டு நாளாக்காதீர்கள்.

அரசாங்கத்துக்கு நம் கோரிக்கை: பதிவு இலாகாவின் நடமாடும் குழு தோட்டங்களுக்கு அடிக்கடி வரட்டும், அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்கும் மணமக்களுக்கு மணம் முடியும்வரை பாஸ் நீட்டித் தரப்படட்டும், மணமானவருக்கு வேலை செய்யும் உரிமை பாசோடு சேர்ந்தே வரட்டும், ஆண் பெண் வேற்றுமை ஒழியட்டும்.

மூன்று முடிச்சு புனிதமானது. அதை யாரும் மறுக்கவில்லை. அந்த முடிச்சுக்கு முன்னால் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் ஓடுகிறவர்கள் நாம். பதிவு இலாகாவின் படிக்கட்டு ஏறுவது நமக்கு அத்தனை கடினமா? நம் பிள்ளைகளுக்காக ஏறுவோம்.