கோட்டைக்குக் காவல் யார்?

 

2025 ஜூலையில் நமது செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. மராட்டியர் கோட்டைகள் என்று தேர்வான பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழகத்தில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். சஅதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கும் கோட்டைக்கு உலகமே வரப்போகிறது என்று கடைவீதியில் மகிழ்ச்சி. நமக்கும் மகிழ்ச்சிதான். கூட்டம் வந்தால் டீக்கடை முதல் ஜவுளிக்கடை வரை நாலு காசு பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பெண்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அங்கே என்ன பாதுகாப்பு? இதை யோசிக்க வேலூர் வரை போய் வருவோம், வாருங்கள்.

வேலூர்க் கோட்டையும் நம்முடையதைப் போலவே தொல்லியல் துறையின் கையில் இருப்பது. அகழி, பூங்கா, புல்வெளி என்று ஊரே மாலையில் காற்று வாங்கும் இடம். 2020 ஜனவரியில் ஒரு நாள் இரவு, அந்தக் கோட்டைப் பூங்காவில் நண்பருடன் உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண்ணை மூன்று கயவர்கள் மிரட்டி, உடனிருந்தவரை அடித்துப் போட்டுவிட்டு, சீரழித்தார்கள். பிறகு கைது நடந்தது. அந்த நேரத்தில் தடுக்க ஒரு ஆள் இல்லை.

மூன்றாண்டு கழித்து, 2023 மார்ச் 27. அதே கோட்டை. அது புனித ரமளான் மாதம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆண் நண்பருடன் வந்திருந்த ஒரு பெண்ணை ஒரு கும்பல் மறித்தது. ஹிஜாபைக் கழற்று என்றது. செல்போனில் படம் பிடித்தது, ஊரெல்லாம் பரப்பியது. செய்தியைக் கேள்விப்பட்ட பலரும், "பார்த்தீர்களா, சங்பரிவார் வேலூருக்கும் வந்துவிட்டது" என்றே கொதித்தார்கள். காவல்துறை ஏழு பேரைக் கைது செய்தது. ஒருவன் பதினெட்டு வயதுகூட நிரம்பாதவன். பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது நமக்குத் தலை குனிந்தது. பெரும்பாலானவை நம் பிள்ளைகளின் பெயர்கள்!

கர்நாடகத்தில் 2022-ல் கல்லூரி வாசலில் ஹிஜாபைக் கழற்றச் சொன்னபோது தெருவில் இறங்கிக் கோஷமிட்டோம். அது சரியான கோஷம். ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதே வார்த்தையை நம் வாலிபன் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறான் என்றால் அவன் என்ன கற்றுக்கொண்டான்? நம் பயான்கள் என்ன கற்றுக்கொடுத்தன?

"ஹஜ்ரத், அந்நிய ஆணுடன் போனவளைத் தட்டிக் கேட்கக் கூடாதா?" என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். மார்க்கத்தின் பெயரால் கேட்பதால் மார்க்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன். பாதையோரம் உட்காருவோருக்கு அண்ணலார் (ஸல்) சில கடமைகளை விதித்தார்கள். அவற்றில் முதலாவது பார்வையைத் தாழ்த்துவது, அடுத்தது பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது. நன்மையை ஏவுவதும் தீமையைத் தடுப்பதும் அதற்குப் பிறகே வருகின்றன. நீங்களோ கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டு முதலிரண்டையும் கைவிட்டீர்கள். அந்நூர் அத்தியாயம் ஆண்களின் பார்வையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் பெண்களின் பார்வைக்கும் ஆடைக்கும் வருகிறது. ஒரு பெண்ணின் கற்பின் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்பதும் அதே அத்தியாயம்தான். அல்ஹுஜுராத் அத்தியாயமோ பிறர் குறையைத் துருவித் தேடுவதையே தடை செய்கிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு துருவுகிறவனுக்கு இதில் எந்த இடத்தில் அனுமதி இருக்கிறது?

சட்டமும் இடம் தரவில்லை. பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாமா? 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. பிணையில் விட முடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் நம் கண்முன்னே நடந்தால் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பூங்காவில் உட்கார்ந்து பேசுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அவர்களை மறித்து மிரட்டுவதுதான் குற்றம். வேலூர்ப் பிள்ளைகளின் பெற்றோர் அதற்குப் பிறகு வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடந்த நடையை ஒரு தகப்பனாக எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998 குண்டுவெடிப்புக்குப் பின் கோவை கோட்டைமேட்டு மக்கள் தம் வீட்டுக்குப் போகவே சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டியிருந்தது. தாடியையும் தொப்பியையும் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். 2006-ல் அந்தச் சாவடிகள் அகற்றப்படும் வரை சமுதாயம் குரல் கொடுத்தது. உடையைப் பார்த்து ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்பது எவ்வளவு கேவலம் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதைப் பட்டு அறிந்த நாமே பர்தாவைப் பார்த்து ஒரு பெண்ணை நிறுத்தலாமா?

காவல் என்பது காவலரின் வேலை. அந்த வேலையைச் செய்யாவிட்டால் செய்ய வைப்பது நம் வேலை. 2020-ல் நடந்ததை வீடியோ எடுக்கும் வாலிபர் கூட்டம் தடுத்திருக்காது. வெளிச்சமும் சீருடை அணிந்த ரோந்தும்தான் தடுத்திருக்கும்.

வணிகப் பெருமக்களே, இங்கேதான் உங்கள் சொல் எடுபடும். செஞ்சியில் கோட்டைக்குள் தொல்லியல் துறை, தெருவிளக்குக்குப் பேரூராட்சி, குற்றத்துக்குக் காவல் நிலையம். தனித்தனியாகப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஒரே மனுவாக எழுதி மூவருக்கும் கொடுத்து, நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். புறக்காவல் நிலையக் கட்டடம் கேட்டு மனுவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட 2010 சட்டத் திருத்தம் தடை விதிக்கிறது. அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். அதைக் காட்டியே மனுவை மூடிவிடுவார்கள். ஆட்களைக் கேளுங்கள். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் பெண் காவலர் உள்ள ரோந்து, திருவண்ணாமலைச் சாலையிலிருந்து கோட்டை வாசல் வரை எரிகிற விளக்கு, வாசலில் காவல் நிலைய எண்ணும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் பெரிய எழுத்தில். இவை போதும். மனுவில் நம் ஜமாஅத்தின் கையெழுத்து மட்டும் இருந்தால் அதற்கும் ஒரு சாயம் பூசுவார்கள். வணிகர் சங்கத்தில் இருக்கும் இந்து, ஜைன வியாபாரிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புகார் கொடுக்க வரும் பெண்ணிடம், "அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை?" என்று காவலர் கேட்டால் துணைக்குப் போனவர் அங்கேயே மறுத்துப் பேச வேண்டும். எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது. எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பச் சட்டம் இப்போது இடம் தரவில்லை.

வாலிபர்களே, வேலூர் வீடியோவைப் பரப்பினால் நடவடிக்கை என்று அப்போதே காவல்துறை எச்சரித்தது. அப்படியும் அதை இன்னும் போனில் வைத்திருப்பவர்கள் இருக்கக்கூடும். அந்தச் சகோதரி யாரோ ஒருவரின் மகள். இதைப் படித்து முடித்ததும் போனை எடுத்து அதை அழித்துவிடுங்கள்.