மூன்று நாள் பயணத்துக்கு மூன்று சூட்கேஸா?

கோடை விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நின்று பார்க்க வேண்டும். மதுரை, நெல்லை, திருச்சி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்களில் பாதிப் பேர் மனிதர்களாகவே தெரிவதில்லை. நடக்கும் மூட்டைகளாகத் தெரிகிறார்கள்!

குடும்பத் தலைவரின் தோளில் ஒரு பை. இரண்டு கையிலும் இரண்டு சூட்கேஸ். அதில் ஒன்றுக்குச் சக்கரம் உடைந்து போயிருக்கும். பின்னால் தூக்கக் கலக்கத்தில் குழந்தையை இழுத்தபடி மனைவி. அவர் தோளிலும் ஒரு பை. "சாமானை எண்ணுங்க! சாமானை எண்ணுங்க!" என்று ஒரே கூச்சல்.

இத்தனையும் எதற்கு? சொந்தக்காரர் வீட்டில் 3 நாள் தங்கி, மெரினாவில் காற்று வாங்கி, ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துக்கொண்டு ஊர் திரும்ப! துணி எடுக்கப் போகிற ஊருக்கே துணி மூட்டையோடு போகிற கூத்தை என்னவென்று சொல்வது?

யாருக்கு லாபம்?

கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்கள் இப்போது அங்கேதான் வந்து நிற்கின்றன. நகரின் நடுப்பகுதிக்கு அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பை ஆசாமி மாநகர பஸ்ஸில் தாவி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து விடுகிறார். மூட்டைக் குடும்பமோ ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறது. மூட்டையைப் பார்த்தவுடனேயே கட்டணம் எகிறுகிறது. அவர் மீது கோபப்பட்டு என்ன பயன்? வேறு வழியில்லை என்று மூட்டையே காட்டிக் கொடுத்து விடுகிறதே!

ரயிலில் வருகிறவர்கள் கதை இன்னும் மோசம். தூங்கும் வசதி வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டு வரலாம் என்பது ரயில்வே விதி. கொண்டு வரலாம் என்றால், கொண்டு வந்தே தீர வேண்டுமா? கீழ்ப் படுக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்ட வளையம் இருக்கிறது. ஒரு பை என்றால் ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. நிம்மதியாகத் தூங்கலாம். 6 உருப்படி என்றால்? இரண்டைப் பூட்டி, நாலைக் கடவுளிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். கைவரிசை காட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த நாலுதான். நடுராத்திரி ஏதோ ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்கும். ஒரு பை இறங்கிவிடும். விடிந்து எண்ணும்போதுதான் குறைவது தெரியும். பிறகு 139-க்குப் போன் செய்வதும், போலீசாரிடம் புகார் எழுதுவதும்தான் சுற்றுலா.

போனது பழைய துணி என்றால் தொலையட்டும் எனலாம். ஆனால் அந்தத் துணிக்கு அடியில்தான் நகையும், மகனின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டும் இருக்கும்! அவை இருக்க வேண்டிய இடம் தோளைவிட்டு இறங்காத சின்னப் பை.

வெயிலுக்கு எது?

சென்னையில் 2003 மே 31-ந் தேதி அடித்த வெயில் 45 டிகிரி செல்சியஸ். பழைய கணக்கில் 113 டிகிரி! கடலோர ஊர் என்பதால் காற்றிலும் ஈரம். வியர்வை லேசில் உலராது. இதில் பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் பிளாஸ்டிக் பைக்குள் ஆளைப் போட்டுக் கட்டிய கதைதான். கறுப்புச் சட்டையில் வியர்வை உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஒரு ஜீன்ஸே முக்கால் கிலோ இருக்கும். நனைந்தால் ஒரு ராத்திரியில் காயாது.

பருத்திதான் ராஜா. வெளிர் நிறமும் சின்னப் பூப்போட்டதும் வெயிலுக்கு இதம், வியர்வைக்கு மறைப்பு. மதுரை சுங்குடி இருக்கிறது. செட்டிநாட்டுக் கண்டாங்கி இருக்கிறது. கோ-ஆப்டெக்சில் கைத்தறிச் சட்டை இருக்கிறது. ஜோராக இருக்க இதைவிட என்ன வேண்டும்?

மூவிரண்டு ஆறு!

கணக்கு மிகச் சுலபம். ஆண்களுக்கு 3 சட்டை, 2 பேண்ட். எந்தச் சட்டையும் எந்தப் பேண்ட்டுக்கும் பொருந்துகிற மாதிரி எடுத்து வைத்தால் 6 விதமாக உடுத்தலாம். இதில் ஒரு ஜோடி உடம்பிலேயே வந்துவிடும். கோயிலுக்கும் விசேஷத்துக்கும் ஒரு வேட்டி. ராத்திரிக்கு ஒரு கைலி. மெத்தை மாதிரி டவல் வேண்டாம். மெல்லிய ஈரிழைத் துண்டு போதும். கொடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

சுடிதார் போடுகிற பெண்கள் 3 டாப், 2 பேண்ட், 2 துப்பட்டா எடுத்தால், மாற்றி மாற்றி 12 விதம்! சேலை என்றால் 3 பருத்திச் சேலை, மூன்றுக்கும் ஒத்துப்போகிற 2 ரவிக்கை. கல்யாணம் இருந்தால் மட்டும் ஒரு பட்டு. அதை மஞ்சப்பையில் சுற்றி மேலாக வைத்தால் கசங்காது. காலுக்கு ஒரே ஜோடி செருப்பு, நடந்து பழகியதாக இருக்கட்டும். புதுச் செருப்போடு கிளம்பி, மெரினா மணலில் கையில் செருப்பும் காலில் கொப்புளமுமாக நொண்டுகிறவர்கள் எத்தனை பேர்!

ராத்திரி அலசிப் போட்டால், மெல்லிய பருத்தி காலையில் காய்ந்திருக்கும். சுருக்கம் போகத் தெருமுனை இஸ்திரி வண்டி இருக்கிறது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இரண்டு உடுப்பு கூடுதலாக வைப்பதில் தப்பில்லை. அதற்கும் சேர்த்து ஆளுக்கு 7 கிலோ தாண்டாது. விமானத்தில் கையோடு எடுத்துப்போக விடுவதும் சாதாரணமாக அந்த 7 கிலோதான். அதற்குள் அடக்கிக்கொண்டு டில்லி போகிறவர்கள் இருக்கும்போது, சென்னைக்கு வர ஒரு வண்டி பாரமா?

போட்டதையே போடுவதா?

உண்மையில் பையை நிரப்புவது துணி அல்ல. பயம்! "போன தடவை வந்தப்பவும் இதே சேலைதானே கட்டியிருந்தே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம். இந்தப் பயத்துக்காகக் கடன் வாங்கித் துணி எடுக்கிற குமாஸ்தாக்கள் உண்டு. ஒரு நாள் உடுத்தப் பக்கத்து வீட்டில் சேலை இரவல் கேட்கிற தாய்மார்கள் உண்டு.

தப்பு யார் மேல்? கேட்கிறவர் மேல்தான்! வீடு தேடி வந்த விருந்தாளியின் முகத்தைப் பார்க்காமல் முந்தானையைப் பார்ப்பது என்ன பண்பாடு? துவைத்து, இஸ்திரி போட்டு, உடம்புக்குப் பொருந்த உடுத்தியவர் ஒரே சேலையை நாலு தடவை கட்டினாலும் கௌரவம் குறையாது. கசங்கிய பட்டோடு, வியர்த்து விறுவிறுத்து, மூட்டை இழுத்துக்கொண்டு வந்து நிற்பதில்தான் கௌரவம் கப்பலேறுகிறது!

புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். பையை ஒரே கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கவில்லையா? தாராளமாகக் கிளம்பலாம். மூச்சு வாங்குகிறதா? பாதியை எடுத்துப் பீரோவில் வையுங்கள்.

பீரோவில் விட்டு வந்த சேலையை எந்த ரயில் திருடனாலும் தூக்க முடியாது!