பழைய செல்போன் பெட்டகம் ஆகுமா?

புதிய ஸ்மார்ட்போன் வாங்கியவுடன் பழையது மேஜை டிராயருக்குள் போய்விடுகிறது. விற்கப் போனால் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று திரும்பி வந்துவிடுகிறோம். இந்தப் பழைய போனில் பிட்காயின் போன்ற கிரிப்டோ கரன்சியைப் பத்திரமாக வைக்க முடியுமா? வால்பாறைக்கு விடுமுறையில் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. சாஃப்ட்வேர் துறையில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை!

என் பதில் இதுதான். முடியும். ஆனால் அதற்குப் போனை விட முக்கியமானது ஒரு துண்டுப் பேப்பர். அந்தப் பேப்பரைக் காப்பாற்ற முடியாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எதற்கு இந்த வம்பு?

கிரிப்டோ வாங்குபவர்கள் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் நிறுவனத்தில் அக்கவுண்ட் திறந்து, வாங்கிய காயினை அங்கேயே விட்டுவிடுகின்றனர். பேங்கில் பணம் போடுவது போலத்தான் இது என்று நினைக்கின்றனர். ஆனால் பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் இல்லை.

2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்ச்களில் ஒன்றான வாசிர்எக்ஸில் ஹேக்கர்கள் புகுந்தனர். சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் பறிபோயின. உடனே எல்லோருடைய அக்கவுண்ட்களும் முடக்கப்பட்டன. மீண்டும் வர்த்தகம் தொடங்கியது 2025 அக்டோபர் 24 அன்றுதான். 15 மாதங்கள்!

இதில் ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றார். அவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற காயின் 3,532 வாங்கியிருந்தார். திருடு போனது வேறு வகைக் காயின்கள். இருந்தும் அவருடைய காயின்களும் முடங்கின. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ கரன்சியும் ஒரு சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். நல்ல தீர்ப்புதான். ஆனால் தன் காயினுக்காக ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள். சாவி அடுத்தவர் கையில் இருந்தால் இதுதான் நிலைமை.

காயின் போனுக்குள் இல்லை

சாவியை நம்மிடமே வைத்துக் கொள்ளும் சாஃப்ட்வேருக்கு வாலட் என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மணிபர்சில் நோட்டு இருப்பது போல வாலட்டுக்குள் காயின் இருப்பதில்லை. எந்தக் காயின் எந்த முகவரிக்குச் சொந்தம் என்ற கணக்கு உலகம் முழுவதும் உள்ள கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அதை நகர்த்தத் தேவையான ரகசிய எண் மட்டுமே உங்கள் போனில் இருக்கும்.

அந்த நீளமான எண்ணை மனிதர்கள் எழுதி வைக்க வசதியாக, வாலட் அதை 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளாகத் தரும். 2,048 எளிய வார்த்தைகள் கொண்ட பட்டியலில் இருந்து இவை எடுக்கப்படுகின்றன. இந்த வார்த்தைகள் வரிசை மாறாமல் இருந்தால், போன் கிணற்றில் விழுந்தாலும் கவலையில்லை. வேறு போனில் டைப் செய்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். அதே போல, இந்த வார்த்தைகள் கிடைத்த எவரும் உங்கள் போனைத் தொடாமலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். போலீசுக்குப் போனாலும் அனுப்பியதை ரத்து செய்ய யாராலும் முடியாது.

பழைய போனின் பங்கு

நாம் தினமும் பயன்படுத்தும் போனில் நூறு அப்ளிகேஷன்கள், ஆயிரம் லிங்க்குகள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற வைரஸ் நிரலைப் பற்றி எச்சரித்தது. இது கேலரியில் உள்ள படங்களைப் படித்து, இந்த ரகசிய வார்த்தைகளின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று தேடும். கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் கிடைத்த அப்ளிகேஷன்களுக்குள்ளேயே இது ஒளிந்திருந்தது.

பழைய போனில் இந்தக் கூட்டத்தை ஒழித்துவிடலாம். முதலில் தேவையான போட்டோக்களை வேறு இடத்திற்கு மாற்றிவிட்டு, சிம் கார்டையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பின் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஸ்கிரீன் லாக் அமைத்து, வைஃபை மூலம் ஒரே ஒரு அப்ளிகேஷனை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். ஆஃப்லைனில் வேலை செய்யவே உருவாக்கப்பட்ட ஏர்கேப் வால்ட் போன்ற இலவச அப்ளிகேஷன்கள் இருக்கின்றன. அதன்பின் வைஃபை, புளூடூத் இரண்டையும் நிறுத்தி ஃபிளைட் மோடில் போடுங்கள். இதற்குப் பிறகுதான் ரகசிய வார்த்தைகளை உருவாக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம்.

நெட் இல்லாமல் எப்படிப் பணம் அனுப்புவது? தினசரி போனில் உள்ள துணை வாலட்டில் தொகையையும் முகவரியையும் அமைத்தால் ஒரு க்யூஆர் கோட் வரும். பழைய போன் அதை ஸ்கேன் செய்து, கையெழுத்திட்டு, இன்னொரு க்யூஆர் கோட் காட்டும். அதைத் தினசரி போன் ஸ்கேன் செய்து இண்டர்நெட்டில் அனுப்பிவிடும். ரகசிய எண் பழைய போனை விட்டு வெளியே வருவதே இல்லை. கையெழுத்திடும் முன் முகவரியைப் பழைய போனின் திரையில் முழுவதுமாகச் சரி பாருங்கள்.

செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன போனை நெட்டில் இணைத்துக் கொண்டு வாலட்டாகப் பயன்படுத்தினால், அது தினசரி போனை விட மோசம். பெரிய தொகை வைத்திருப்பவர்கள் இதற்கென்றே தயாரிக்கப்படும் ஹார்ட்வேர் வாலட்டைப் புதியதாக வாங்குவதே நல்லது.

பேப்பருக்கு வருவோம்

போன் நிரந்தரமல்ல. மாதக்கணக்கில் டிராயரில் கிடந்தால் பேட்டரி செத்துப் போகும், சில சமயம் உப்பியும் போகும். எங்கள் வால்பாறையில் மழைக்காலத்தில் பீரோவுக்குள் இருக்கும் துணியே பூஞ்சை பிடித்துவிடும். அங்கே போனும் பேப்பரும் எம்மாத்திரம்? அரிசியைத் தேடி யானை சுவரை உடைக்கும் எஸ்டேட் குடியிருப்புகளும் எங்கள் ஊரில் உண்டு. எனவே வார்த்தைகளை இரண்டு பிரதிகள் எழுதி, பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை மலைக்குக் கீழே பொள்ளாச்சியிலோ கோவையிலோ பேங்க் லாக்கரிலும் வைக்கச் சொல்வேன். துருப்பிடிக்காத எவர்சில்வர் தகட்டில் பொறித்து வைத்தால் இன்னும் நல்லது. போட்டோ எடுப்பது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது, மெயிலில் சேமிப்பது கூடவே கூடாது.

அடுத்து ஒரு சோதனை. சிறு தொகையை மட்டும் வாலட்டுக்கு அனுப்புங்கள். பின் பழைய போனில் உள்ள வாலட்டை அழித்துவிட்டு, பேப்பரைப் பார்த்து வார்த்தைகளை டைப் செய்து மீட்டுப் பாருங்கள். அதே முகவரி வந்தால்தான் மீதித் தொகையை அனுப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. கையெழுத்தில் ஒரு எழுத்து புரியாமல் போனது, தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

பிரிட்டனின் நியூபோர்ட் நகரில் 2013-இல் ஒருவருடைய பழைய ஹார்ட் டிஸ்க் குப்பைக்குப் போனது. அதில் சுமார் 8,000 பிட்காயின்களுக்கான சாவி இருந்ததாக அவர் கூறுகிறார். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் தொடர்ந்த வழக்கு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. நம் ஊர் முதலீட்டாளருக்குக் கோர்ட்டில் நிறுத்த ஒரு நிறுவனமாவது இருந்தது. தானே சாவியை வைத்திருப்பவர் தொலைத்தால், யாரைக் கேட்பது?

இன்னொன்றும் உண்டு. பேங்க் அக்கவுண்டுக்கு நாமினி இருக்கிறார். வாலட்டுக்கு இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் மனைவிக்கோ பெற்றோருக்கோ அந்தப் பேப்பர் எங்கே இருக்கிறது, எதற்கானது என்று தெரிய வேண்டும். இதை வீட்டில் பேசாமல் பழைய போனில் சேமிப்பது, புதையலைப் புதைத்துவிட்டு இடத்தைச் சொல்லாமல் போவதற்குச் சமம்.

கிரிப்டோவில் பணம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. லாபத்திற்கு 30 சதவீத வரி உண்டு, நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த யோசனை. இந்த வார ஞாயிற்றுக்கிழமை பழைய போனை எடுத்துச் சார்ஜில் போடும் முன், பேப்பர் எங்கே இருக்கப் போகிறது, யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் முடிவு செய்துவிடுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் போன் டிராயரிலேயே இருக்கட்டும்.